இடப்பக்கக் கதவு

பழைய காரின் இடப்பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது. அருமைநாயகம்தான் முணுமுணுத்தபடி சுற்றிவந்து மனைவி எஸ்தருக்குத் திறந்துவிடுவார். சண்டை போட்டு முகம் பார்க்காத நாட்களிலும் அது தவறியதில்லை. வண்டி இப்போது அடிக்கடி வழியில் நின்றுவிடுகிறது, மாற்றியாக வேண்டும். செகண்ட்ஹேண்ட் கார் கடையில், நல்ல மைலேஜ் தருகிற, தொந்தரவில்லாத வண்டி ஒன்று அமைந்தது. இருவருமாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர் இறங்கிவிட்டார். எஸ்தர் மடியில் கைப்பையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“இது உள்ள இருந்தே திறக்கும், எஸ்தர்.”

“தெரியும்.”

அவர் சுற்றிவந்து திறந்தார். அவள் இறங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

“நாளைக்கும் வந்து திறப்பீங்களா?” என்றாள்.

பின்னாலிருந்து கடைக்காரர் கேட்டார்: “என்ன சார், முடிச்சிரலாமா?”

கதவை விடவும் தெரியாமல், சாத்தவும் தெரியாமல் அவர் நின்றார்.