கரை வைத்த லட்சுமி

"அடப்பாவமே! என்னம்மா பண்ணி வச்சிருக்கே?"

ராஜவேலு போட்ட சத்தத்தில், தறி ஓரமாகச் சும்மா உட்கார்ந்திருந்த பரசுராமன் திடுக்கிட்டார். அவர் மனைவி ஜெயம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"இன்னா சார் ஆச்சு?"

ராஜவேலு சுவரைக் காட்டினார். லட்சுமி படம். மூன்று மாதம் முன்பு அவர் பார்த்தபோது கண்ணாடிக்குள் இருந்தது. இப்போது கண்ணாடியைக் காணோம். லட்சுமியின் சேலைமேல் நிஜப் பட்டுத் துண்டு ஒட்டியிருந்தது. நகைமேலெல்லாம் ஜரிகை. நாலு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு ஜரிகைக் கரை வேறு.

"ஓரத்துல வெள்ளையா இருந்ததே, இங்கிலீஷ் எழுத்தோட? அது எங்கே?"

"அதுங்களா? கரையில்லாத பொடவையாட்டம் வெறிச்சினு இருந்திச்சி சார். நறுக்கிட்டு கரை வச்சேன்."

"நறுக்கின துண்டு?"

"அடுப்புல போட்டுட்டேங்க."

ராஜவேலு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

மெட்ராஸில் உத்தியோகம் பார்த்து ரிடையரான மனிதர் அவர். கல்லச்சுப் படம் என்றால் உயிர். நிறத்துக்கு ஒரு கல்லாக வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அந்தக் காலத்தில் அச்சடித்த படங்கள். வீடு நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார். கூட்டங்களில் பேசவும் கூப்பிடுவார்கள்.

"லென்ஸ் வச்சுப் பாருங்க. புள்ளியெல்லாம் வரிசையா நின்னா அது வெறும் காலண்டர். ரவை சிதறின மாதிரி இருந்தா கல்லச்சு. ஓரத்து வெள்ளையும் அச்சாபீஸ் பேரும் வெட்டுப்படாம இருந்தா பொக்கிஷம். கலையை மதிக்கத் தெரியணும் சார், அதுக்கு மனசு வேணும்!"

கை தட்டுவார்கள்.

மூன்று மாதம் முன்பு, மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆரணி வந்தவர், தறியில் நெய்வதைப் பார்க்க முள்ளிப்பட்டு வரை வந்தார். இந்த வீட்டுச் சுவரில் லட்சுமியைப் பார்த்தார். லென்ஸை எடுத்தார். ரவை சிதறியிருந்தது. ஓரம் முழுசாக இருந்தது. லென்ஸை மெல்லப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஜெயம் அன்றைக்கு அவரைக் கும்பிட்டுத்தான் கேட்டாள்.

"சார், நீங்க விஷயம் தெரிஞ்சவரு. இவருக்குக் கண்ணுல பிரஷராம். ஒரு மாசத்துல ஆபரேஷன் பண்ணாதான் இருக்கற பார்வையாச்சும் நிக்கும்னு டாக்டரு சொல்லிட்டாரு. பழைய படத்துக்கெல்லாம் ஆயிரம் ரெண்டாயிரம் தராங்கன்னு பேசிக்கிறாங்களே, இது எங்க மாமனார் காலத்துப் படம். ஏதாச்சும் தேறுமா?"

இதே மாதிரிப் படம் ஒன்றுக்கு ஐயாயிரம் தருகிறேன் என்று பம்பாய்க்காரர் ஒருவர் எழுதிய கடிதம் ராஜவேலுவின் வீட்டு மேஜையில் இருந்தது.

"பஜார் படம்மா இது. ஒண்ணுத்துக்கும் ஆகாது. உன் கஷ்டத்தைப் பார்த்து வேணா அம்பது ரூபா தரேன்."

"அம்பது ரூபாய்க்கு எதுக்குங்க சாமிய வெளிய அனுப்பணும்? இருந்துட்டுப் போவட்டும்."

கொஞ்ச நாள் ஆறப் போட்டால் தானாக இறங்கி வருவாள் என்று ராஜவேலு பஸ் ஏறிவிட்டார். கலையை மதிக்கிறவருக்குப் பொறுமையும் வேண்டுமல்லவா? இன்றைக்கு இருநூறு வரை போகலாம் என்று பெரிய மனசு பண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

வந்து பார்த்தால் பசையும் கத்தரியும் வேலையை முடித்திருந்தன.

"யாராவது தெரிஞ்சவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கக் கூடாதா?" என்றார் ஆற்றாமையோடு.

"உங்களத்தானே சார் கேட்டேன்?"

ராஜவேலு பார்வையைப் படத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பரசுராமன் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து படத்தின்மேல் விரலை வைத்தார். முகம் மட்டும் வாசல் பக்கம் பார்த்திருந்தது.

"இது கரை... கெட்டி ஜரிகை சார். இது தாமரை. இது அம்மா கை. இங்க காசு கொட்டுது." சிரித்தார். "நல்லா நேர்த்தியா பண்ணிக்கீது, இல்ல சார்?"

ஜெயம் குரலைத் தாழ்த்தினாள்.

"பணம் பொரளல சார். போன மாசம் பார்வ முழுசா போயிடிச்சி. இனிமே ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இல்லியாம். காலையில சாமி மொகத்த பாக்காம தறியில குந்தமாட்டாரு. கண்ணாடிய தடவிகினு நின்னாரு சார், என்னால பாக்க முடியல. அதான், கைக்காவது தெரியட்டும்னு கண்ணாடிய எடுத்துட்டு ஒட்டினேன்."

ராஜவேலு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சட்டென்று ஜெயத்தின் முகம் மாறியது. அருகில் வந்து, கணவருக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"நீங்க ஏன் சார் அப்படி சத்தம் போட்டீங்க? அது... விலை போற படமா?"

ராஜவேலு படத்தைப் பார்த்தார். அதைத் தடவிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தார்.

"சேச்சே, இல்லம்மா. சாமி படத்துல கத்தரி வச்சிட்டியேன்னுதான்... வேற ஒண்ணும் இல்ல."

ஜெயம் பெருமூச்சு விட்டாள். அன்றைக்குப் போலவே கை கூப்பினாள்.

"அப்பாடா! நீங்க மட்டும் அன்னிக்கே உண்மைய சொல்லலன்னா, விலை போற படத்த சொவத்துல மாட்டிகினே இவரு கண்ண வுட்டுட்டேனோன்னு காலம் பூரா அழுதுகினு கெடந்திருப்பேன் சார்."