நனைந்த கேடயம்

கை கனக்கத் தொடங்கிவிட்டது.

இடது கை. தலைக்கு மேலே, கேடயத்தைத் தாங்கியபடி.

முழங்கையை நுழைத்துக்கொள்ள அதில் வார் கிடையாது. ரோமானியப் படையின் கேடயத்துக்கு உட்பக்கம், நடுவில், ஒரே ஒரு குறுக்குப்பிடி. மார்பையும் தொடையையும் மறைக்கிற பலகையின் பாரம் முழுவதும் ஒரு கைப்பிடிக்குள்.

கோட்டைச் சுவரிலிருந்து கற்கள் விழுந்துகொண்டிருந்தன. முன்னால் நிற்பவன் தலைக்கு மேல் பின்னால் நிற்பவன் பிடிக்க வேண்டும். கேடயத்தோடு கேடயம் சேர்ந்து, ஆமை ஓடு மாதிரி.

அவனுக்கு முன்னால் நின்றவன் நீவியஸ்.

தங்கையின் கணவன். நிறைமாதக்காரியைப் படைக்குப் பின்னால் மாட்டுவண்டியில் இழுத்துக்கொண்டு வந்தவன். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தியாயிற்று.

மூன்று நாளாக மழை.

வழிநடையில் கேடயத்துக்கு ஆட்டுத்தோல் உறை போட்டுத்தான் முதுகில் மாட்டுவார்கள். உறை இல்லாவிட்டால் பலகை தண்ணீர் குடிக்கும். பசை இளகும். பாரம் ஏறிக்கொண்டே போகும்.

முந்தாநாள் காலையில் தன் உறையைக் காணவில்லை.

நூற்றுவர் தலைவன் காரணம் கேட்கவில்லை. எல்லோர் முன்னாலும் திராட்சைக்கொடித் தடியால் ஆறு அடி.

நீவியஸ் இரண்டு தோல்களைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு பாசறையின் பின்பக்கம் போனதாகப் பக்கத்துக் கூடாரத்துக்காரன் சொன்னான். மது விற்கிற வண்டிகள் நிற்கும் பக்கம்.

குடித்துத் தீர்த்திருக்கிறான். தன்னுடையது போதாமல் என்னுடையதையும்.

ஒரு கல் வந்து மோதியது. ஊறிய பலகை முனகியது. மணிக்கட்டிலிருந்து தோள்வரை நெருப்பாக ஓடியது வலி.

ஒரு சாண் பின்னால் இழுத்தால் போதும்.

கை சோர்ந்துவிட்டது என்பார்கள். யாரும் கேட்கப்போவதில்லை.

இழுத்தான். இரண்டு விரல்கடை.

திறந்த இடத்தில் மழை இறங்கி நீவியஸின் தலைக்கவசத்தில் தெறித்தது. அவன் திரும்பாமலே சொன்னான்.

"பொண்ணு பொறந்திருக்கு மச்சான். முந்தாநாள் விடியக்காலைல. வண்டிக் கூரை ஒழுகிச்சு. என் தோல் ஒண்ணு பத்தல."

பின்னால் நின்றவன் பல்லைக் கடித்தான். முதுகில் ஆறு தடிப்புகளும் புதிதாக எரிந்தன.

"கேட்டிருந்தா தரமாட்டேனாடா?"

இருவருக்கும் பேச்சு இருந்தால்தானே கேட்பதற்கு.

அதுதான் அவனை இன்னும் கொதிக்க வைத்தது. இரண்டு நாள். குழந்தை பிறந்து இரண்டு நாள். தாய்மாமனுக்கு ஒரு சொல் இல்லை.

மேலே, சுவரில், பெரிய கல் ஒன்றை உருட்டிக்கொண்டு வரும் சத்தம்.

"இது முடியட்டும். உன்ன என் கையாலயே கொல்றேன்."

வாளை உறையில் போட்டான். வலது கையையும் மேலே கொடுத்தான்.

கேடயத்தை முன்னால் தள்ளினான். ஒரு சாண்.

மழை இப்போது அவன் முகத்தில் விழுந்தது.