ஆளுக்கு ரெண்டு மூட்டை

“பிச்சையம்மாளுக்கு ஏது தம்பி நெலம்?”

வரிசையின் நடுவிலிருந்து முத்துராமன் கேட்டார்.

பேச்சு அடங்கியது. கூட்டுறவு சொசைட்டி ஜன்னலுக்கு முன்னால், கைரேகை மெஷினில் வைப்பதற்காகப் பெருவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்ற பிச்சையம்மாள் அப்படியே நின்றாள். ஊரில் யார் வயலில் நடவு என்றாலும் கூலிக்கு வருகிறவள். சொந்தமாக ஒரு முருங்கை வைக்கக்கூட மண் கிடையாது.

மழை பெய்துவிட்டது. நாற்றும் தயார். அடியுரம் போட டிஏபி இல்லாமல்தான் ஊரே காத்துக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஒரே ஒரு லாரி வந்தது. ஆளுக்கு ரெண்டு மூட்டை என்று சொல்லிவிட்டார்கள்.

முத்துராமன் நாலு ஏக்கர் உழுது போட்டிருந்தார். வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்ததில் நேரமாகிவிட்டது. ரெண்டு மூட்டை பாதி வயலுக்குத்தான் காணும். அதுவாவது கிடைக்குமா என்று உள்ளே குறைந்துகொண்டிருந்த அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர் தமிழ்செல்வன் நிமிர்ந்தான். “ஆதார் இருக்குங்க. ரேகை வச்சா மெஷின் எடுத்துக்கும். அது நெலத்தையா கேக்குது?”

“மெஷின் கேக்காட்டி நீங்க கேளுங்க. கப்பல்ல வர்ற சாமான். வெவசாயம் பாக்குறவனுக்கே இல்ல. வேற ஆளு வாங்கிட்டுப் போயி, அறந்தாங்கியில கூட வெல வச்சு வித்தா?”

“அதானே,” என்று பின்னாலிருந்து ரெண்டு மூன்று குரல்கள்.

“யாருக்கும்மா வாங்குற?” என்று கேட்டான் தமிழ்செல்வன்.

பிச்சையம்மாள் திரும்பினாள். முத்துராமனை ஒரு கணம் பார்த்தாள்.

“எனக்குத்தாங்க.”

“எதுக்குத்தா? தலைக்குப் போட்டு முடி வளக்கவா?” என்றான் வரிசையில் நின்ற சேவுகன். வரிசை சிரித்தது.

“நெலத்துச் சிட்டா இருந்தா கொண்டாம்மா, தர்றேன்,” என்றான் தமிழ்செல்வன்.

பிச்சையம்மாள் ஆதார் கார்டை முந்தானையில் முடிந்துகொண்டு, குனிந்த தலையோடு வரிசை ஓரமாகவே நடந்து வெளியே போனாள்.

“நல்லவேள கேட்டீங்க,” என்றார் முன்னால் நின்றவர்.

“கேக்கத்தான் ஆளு வேணும்,” என்றார் முத்துராமன்.

வரிசை நகர்ந்தது. சேவுகனுக்கு வாய் சும்மா இருக்காது; ஜன்னலைப் பார்த்துக் கேட்டான். “ஏன் தம்பி, இந்த டிஏபிக்கு மட்டும் ஏன் இம்புட்டுக் கிராக்கி?”

“அதுல உள்ள மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், பாறையிலேர்ந்து எடுக்குறதுண்ணே. நம்ம நாட்டுல அந்தப் பாறை கொஞ்சந்தான். மொராக்கோ பக்கம் மலை மலையாக் கெடக்கு. சீனாக்காரன் உரமாவே அனுப்பிக்கிட்டிருந்தான். இப்ப தனக்கே வேணும்னு இறுக்கிப் பிடிச்சிட்டான்.”

“பாறையா? புதுக்கோட்டை ஜில்லாவுல பாறைக்கா பஞ்சம்? கிரஷர்ல ரெண்டு லோடு அள்ளி வயல்ல கொட்டிருவமா?”

“கொட்டுங்க. வீடு வேணா மொளைக்கும்.”

முத்துராமனும் சிரித்தார். பிறகு, “இருக்கிறவன் இறுக்கிப் பிடிச்சா இல்லாதவன் எங்கிட்டுப் போவான்? கொஞ்சமா இருக்கிற எடத்துலதான் நியாயம் வேணும்,” என்றார். ரெண்டு பேர் தலையாட்டினார்கள்.

அவருக்கு ரெண்டு மூட்டை கிடைத்தது. அவருக்குப் பின்னால் நாலைந்து பேரோடு சரக்கு தீர்ந்துபோனது.

மொபெட்டில் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, வாசல் வேப்பமரத்தடியில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள் பிச்சையம்மாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“நீ எங்க இங்கிட்டு?”

“நான்தான் வரச்சொன்னேன்.” உள்ளேயிருந்து மனைவி பரிமளா வந்தாள். மொபெட்டைப் பார்த்தாள். “ரெண்டுதானே குடுத்தாங்க? தெரியும். நாலு ஏக்கருக்கு எப்படிக் காணும்? அதான் இவளையும் காலையிலேயே ஆதாரோட போயி நிக்கச் சொன்னேன், நமக்கு இன்னும் ரெண்டு கெடைக்குமேன்னு. உங்ககிட்டச் சொன்னா நியாயம் பேசுவீங்க.”

முத்துராமன் அவிழ்த்துக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டார்.

“ஜன்னல் வரைக்கும் போயிட்டா பாவம். எவனோ ஒருத்தன், ஒனக்கு நெலம் ஏதுன்னு கேட்டு வெரட்டி விட்டுட்டானாம். இனி மேலவயலுக்கு அடியுரம் இல்ல. பயிரு தூர் கட்டுமா? போட்ட காசு திரும்புமா?” பரிமளா பிச்சையம்மாள் பக்கம் திரும்பினாள். “எங்களுக்குத்தான்னு சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா ஒரு வீட்டுக்கு நாலான்னு கேப்பாங்க மதினி. அண்ணனுக்கு வர்றதும் போயிரும்.”

“கேட்டவன் யாருன்னாச்சும் சொல்லு. எத்தன தடவ கேக்குறேன்?”

“கூட்டத்துல நான் யாரைக் கண்டேன்?”

“எவனா இருந்தாலும் அவன் வயலு பூராம் பதராப் போகட்டும்.”

முத்துராமன் மூட்டையின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

“ஆமா, நீங்களும் அங்கிட்டுத்தானே நின்னீங்க?” பரிமளா அவரைப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்? யாரு அவன்?”

அவர் வாயைத் திறந்தார்.

பிச்சையம்மாள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அண்ணன் அப்ப வந்திருக்கவே இல்ல மதினி,” என்றாள்.