படகுக்குப் பெயர் வாலு

"வாலுவா? படகுக்கா?"

பேக்கரிக்காரி கேட்ட தோரணையில், ஏணியில் பிரஷ்ஷோடு நின்றிருந்த பெயிண்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

படகுக் கொட்டகையில் காலையிலிருந்து இதே பஞ்சாயத்துதான். துடுப்புப் போட்டே பெருங்கடலைக் கடக்கப் போகும் பெண்கள் மூவர், படகு ஒன்று. அதற்குப் பெயர் எழுதினால்தான் மறுநாள் தண்ணீரில் இறக்க விடுவார்கள். பேக்கரிக்காரி 'கடலரசி' என்றாள். நர்ஸ் 'விடிவெள்ளி' என்றாள். அதுவரை வாயே திறக்காமல் துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த பஸ் டிரைவர்தான், 'வாலு' என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"சின்ன வயசுல என்னை வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றாள்.

"ஆக, உன் பேரையே வைக்கணுங்கிற" என்றாள் பேக்கரிக்காரி.

"ஆமா."

கொஞ்சமாவது கூச்சப்பட வேண்டுமே! நர்சால் நம்பவே முடியவில்லை. மூவரில் கேப்டன் என்றாலும், பஸ் டிரைவர் இதுவரை எதையும் தனக்கென்று கேட்டவள் இல்லை. போட்டோ எடுத்தால் பின்னால் போய் நிற்பாள். படுக்க ஈரமான பக்கம்தான் கிடைக்கும் என்றால், சரி என்று அங்கேயே சுருண்டுகொள்வாள். அவளுக்கா திடீரென்று இப்படி ஒரு ஆசை?

பேக்கரிக்காரி கையுறையைக் கழற்றி எறிந்தாள். கண்டவர்களின் செல்லப் பெயரைச் சுமந்துகொண்டு கடலைத் தாண்ட, தன் கை என்ன வாடகைக்கா வந்திருக்கிறது என்று கேட்டாள். இந்தப் பெயர்தான் என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்தப் பயணத்துக்காக நர்ஸ் ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் காலில் விழாத குறையாக லீவு வாங்கியிருந்தாள்! கடைசி நேரத்தில் வேறு ஆளுக்கு எங்கே போவது? இரண்டு பேரால் இழுக்கக்கூடிய படகும் இல்லை இது. ஒரு பெயருக்காக எல்லாமே பாழாகிவிடும்போல இருந்தது.

நர்ஸ், பஸ் டிரைவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நயமாகவே ஆரம்பித்தாள்.

"ரேடியோவையாவது யோசிச்சுப் பாரேன். தினமும் காலையில கரையிலேர்ந்து படகோட பேரை மூணு தடவை சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அதுதானே ரூல்? வாலு, வாலு, வாலுன்னு கூப்பிட்டா அந்த ரேடியோ ஆபீசர் சிரிச்சிட மாட்டாரா?"

பஸ் டிரைவர் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"சிரிச்சா நல்லதுதான்."

நர்ஸ் வேறு வழியாக வந்தாள். அந்தப் பெயரை யார் வைத்தது என்று கேட்டாள்.

"அப்பா. நானா கல்யாணம் பண்ணிக்கிட்டேன்ல, அதோட சரி. வாலுவும் இல்ல, ஒண்ணும் இல்ல. எதிர்ல வந்தாக்கூடப் பேச மாட்டார். ஆபீஸ்ல எப்படியோ அப்படித்தான் வீட்லயும். முடிவு பண்ணா பண்ணதுதான்."

"ஓ... பேப்பர்ல படகு பேரைப் பார்த்தா மனசு மாறுவார்னு நினைக்கிறியா?"

"அவர் பேப்பர் படிக்க மாட்டார்."

பேப்பரும் படிக்காத மனிதருக்காக எதற்கு இந்தப் பிடிவாதம் என்று நர்சுக்குப் புரியவே இல்லை. பாவமாக இருந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சோகத்தைப் படகின் மேல் எழுதக் கிளம்பினால் மூன்று படகு போதாது. ஆனாலும், இத்தனை நாளில் எதையுமே கேட்காதவள் கேட்கிறாள். நர்ஸ் தன் 'விடிவெள்ளி'யை மனதுக்குள்ளேயே விழுங்கிக்கொண்டு, பேக்கரிக்காரியைத் தாஜா செய்யப் படிக்குப் போனாள்.

சும்மா இறங்கி வருகிற ஆளா அவள்? முன் சீட் தனக்கு, பத்திரிகைக்காரர்கள் வந்தால் பேசுவதும் தான்தான், ஈரமில்லாத படுக்கையும் தனக்கே என்று எல்லாவற்றையும் எழுதி வாங்காத குறையாக வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள். பெயிண்டர் பெருமூச்சு விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் பெரிதாக 'வாலு' என்று எழுதினார்.

மறுநாள் காலை படகு தண்ணீரில் இறங்கியது. துறைமுகத்தின் வாசலில் நிறுத்தி, ரேடியோவைச் சோதிக்க வேண்டும். கரையிலிருந்து முதலில் அவர்கள் கூப்பிடுவார்கள். படகின் பெயரைச் சொல்லி இவர்கள் பதில் தர வேண்டும். பஸ்ஸை ஒற்றைக் கையால் வளைத்துத் திருப்புகிற பஸ் டிரைவர், இன்று மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நர்ஸ் அதைக் கவனித்தாள். கடல் பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ரேடியோ கரகரத்தது. வயதான ஒரு ஆண்குரல் செருமிக்கொண்டது. அப்புறம் சத்தமே இல்லை.

"பேரைப் பார்த்துட்டு அங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்கபோல" என்றாள் பேக்கரிக்காரி.

"வாலு" என்றது குரல், ஆபீஸ் கறாரோடு.

கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் "வாலு" என்றது. இந்தத் தடவை கறார் இல்லை.

மூன்றாவது தடவை வருவதற்குள் அலை இரண்டு வந்து படகை ஆட்டிவிட்டுப் போனது. விதியை மீறத் தெரியாத அந்தக் குரல் பாதி உடைந்துபோய், "வாலு..." என்றது.

பஸ் டிரைவர் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். சொல்ல வேண்டிய படகின் பெயரை அவள் சொல்லவில்லை.

"கேக்குது, அப்பா" என்றாள்.