சிவப்பு மூடி

தட்டில் இருந்த சோற்றை மைசாரா தொடவே இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தவரின் வாயையே, எப்போது வெடிக்குமோ என்கிற பட்டாசைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா, சாப்பிடாம என்னையே பாக்குற? என் மூஞ்சியிலயா கோழி ஒட்டியிருக்கு?" என்றார் அவர். லாரி ஓட்டும் ஜைலானி. அந்த வட்டாரத்துக்கே அவர் 'பாக் லோங்', பெரியப்பா.

"பசிக்கல பாக் லோங்."

"பசிக்காதவ எதுக்குமா இந்த வரிசையில நின்ன? அங்க பாரு, பஸ் ஸ்டாப் வரைக்கும் நிக்குறாங்க. உன் தட்ட ஏலம் விட்டா கைகலப்பே நடக்கும் லா."

மைசாரா சிரிக்க முயன்றாள். உதடு ஒட்டிக்கொண்டது. அந்தச் சோற்றை விடியற்காலையில் எழுந்து ஆக்கியவளே அவள்தான். கடைக்குள் கோழி பொரித்துக்கொண்டிருந்த மாக்குக்கு மட்டும்தான் அது தெரியும். மாக் என்றால் அவளுடைய அம்மா, இந்தத் தேங்காய்ப்பால் சோற்றுக் கடைக்காரி ரொகாயா.

"எனக்கு முடியலடி. உன் பரீட்சைதான் முடிஞ்சுதே, இனிமே கடைச் சோறு உன் கை" என்று மாக் போன வாரம் சொல்லிவிட்டாள். இந்த வருஷ ஆரம்பத்தில் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்தே மாக் ஓய்ந்துதான் போயிருந்தாள். எதற்கெடுத்தாலும் "உப்பு பாரு மைசா, மிளகாய்ச் சம்பால் தீயுதா பாரு மைசா" என்று இவளைத்தான் கூப்பிடுவாள்.

கடைச் சோறு தன் கை என்று கேட்டதிலிருந்து மைசாராவுக்குத் தூக்கமே இல்லை. பல மாதமாக வீட்டில் இரண்டு பானை வேகும். நீல மூடி போட்டது மாக் ஆக்கியது, கடைக்கு. சிவப்பு மூடி போட்டது இவள் பழகுவதற்காக ஆக்கியது, தெருமுனைப் பள்ளிவாசலில் சும்மா கொடுப்பதற்கு. இவள் பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் இருக்கும்போது, மாக் தனியாகவே இரண்டையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவாள்.

சிவப்பு மூடிப் பானை தினமும் பாதிச் சோற்றோடு திரும்பி வரும். ஒருநாள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் பிலால் இவளிடமே, "அல்லா தந்த சோறும்மா, குறை சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிவப்பு மூடி கடைக்கு வந்திருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கியதும் தன் கையால் அழுத்தி, கச்சிதமாக மூடிய மூடி அது. வேனில் வரும்போது என்னவோ வழியெல்லாம் தடதடவென்று ஆடிக்கொண்டே வந்தது. மாக் ஆக்கிய நீல மூடிப் பானையை வழியில் பள்ளிவாசலில் இறக்கியாயிற்று.

பாக் லோங் கோழியைக் கடித்தார். "ம்ம். கோழி கோழியாத்தான் இருக்கு." அப்புறம் சோற்றைச் சம்பாலில் பிசைந்து வாயில் போட்டார். தாடை நின்றுவிட்டது. குனிந்து தட்டை முகர்ந்து பார்த்தார்.

"இது ரொகாயா கடைச் சோறா? தேங்காப்பால் ஊத்துனாளா, இல்ல கழுவுன தண்ணிய ஊத்துனாளா? நேத்து வரைக்கும் தங்கம் மாதிரி இருந்துச்சேம்மா! அதுவும் இந்த வருஷம் முன்ன இருந்ததவிட ஒரு படி மேல!"

அவ்வளவுதான். மைசாராவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"நான்தான் ஆக்குனேன், பாக் லோங். நான் அவங்க பொண்ணு."

பாக் லோங் விழித்தார். "அடடா... எனக்கு வாய்தான் பாப்பா எப்பவும் எதிரி. இப்ப பாரு, கோழியோட சேத்துச் சாப்பிட்டா ஒண்ணும் மோசமில்ல" என்று பெரிய கவளமாக எடுத்துக் கஷ்டப்பட்டு விழுங்கினார். அதைப் பார்க்கத்தான் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை.

மகள் அழுவதைப் பார்த்து, எண்ணெய்க் கரண்டியும் கையுமாக மாக் ஓடி வந்தாள். மூச்சு வாங்க நாற்காலியில் சாய்ந்தாள்.

"சொன்னேன்ல மாக்! எனக்கு இந்தக் கை வராது. நாளையிலேருந்து உங்க பானையவே கொண்டாங்க. எங்கயாவது வேலைக்குப் போயிடறேன், என்ன விட்டுடுங்க."

மாக் அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டாள். காகிதத்தை மெல்லுகிற மாதிரி மென்றாள்.

அப்போது மாக்கின் இடுப்பில் போன் அடித்தது. கை முழுக்க எண்ணெய் என்பதால் மைசாராதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பள்ளிவாசல் பிலால்.

"ரொகாயா! இன்னைக்கு சோறு யாரு ஆக்குனது? பானையில ஒரு பருக்கை இல்ல. பெரிய மனுசங்க அடியைச் சுரண்டிக்கிட்டு நிக்குறாங்க. இன்னும் இருந்தா அனுப்பேன்!"

மாக் திரும்பிக் கடைக்குள் பார்த்தாள். பானை வாயில் ஒருக்களித்துக் கிடந்த சிவப்பு மூடியைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த கரண்டி நழுவிக் கீழே விழுந்தது.

"காய்ச்சலுக்கப்புறம் எனக்கு வாசனையும் போச்சு, ருசியும் போச்சு மைசா. வெளிய தெரிஞ்சா கடை போயிடும்னு உன்கிட்டகூடச் சொல்லல."

"அதுக்கு?"

மாக் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"தினமும் உன் சோத்துக்கு நீல மூடியப் போட்டுத்தான் கடைக்குக் கொண்டாந்தேன். பழக்கதோசத்துல இன்னைக்கும் மூடிய மாத்திட்டேன்டி."