குடிலுக்கு வந்த ரயில்

"ரெடிமேடா செருகுற தண்டவாளத்தைத்தானே வாங்கினு வரச் சொன்னேன்? இன்னாம்மா இது, கம்பி கம்பியா?"

மாதா கோயில் வாசலில் சங்கத் தலைவர் பெரியநாயகம் கத்தினார். எதிரே பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்ற கிளாரா, அவருடைய சொந்த மருமகள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள்.

அந்த 1991 கிறிஸ்துமஸுக்கு, ஒரகடம் வட்டாரத்தில் யாரும் செய்யாததைச் செய்வது என்று சங்கம் முடிவு செய்திருந்தது. பாலன் இயேசு, பொம்மை ரயிலில் வந்து கிறிஸ்துமஸ் குடிலில் இறங்குவார். எஞ்சினும் பெட்டிகளும் கிளாராவுடையவை. கப்பலில் வேலை செய்யும் அவள் தம்பி கொண்டுவந்தது. தண்டவாளம் மட்டும்தான் பாக்கி.

பாரிஸ் கார்னர் கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று, பிளாஸ்டிக் அடியோடு துண்டு துண்டாக வருவது. ஒன்றில் ஒன்றைச் செருகினால் வட்டம் தயார். மற்றது வெறும் தண்டவாளம். நாமே வளைத்து, பலகையில் ஆணி அடித்து, ஒயர் பற்றவைத்துக்கொள்ள வேண்டும்.

சங்கம் சொன்னது முதல் வகை. அவள் வாங்கி வந்தது இரண்டாவது.

"இத இஷ்டத்துக்கு வளைக்கலாம், மாமா."

"வளைச்சி? ஊர் சுத்தப் போறியா?"

செயலாளர் ஜெபகுமார் சிரித்தார். "தம்பி எஞ்சின் குடுத்துட்டான் இல்ல, அண்ணிக்குத் தலை கால் புரியல."

கிளாரா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எஞ்சின் என்னுது. இந்தத் தண்டவாளம்னா ஓடும். வாணாம்னா வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன்."

மாமனாரிடம் இப்படிப் பேசுகிற மருமகளை ஊர் என்ன சொல்லும்? அதையேதான் சொன்னது. திமிர் பிடித்தவள். வேலைக்குப் போகிற கொழுப்பு. புருஷன் ஜெபர்சன் மட்டும் ஆணி அடித்துக் கொடுத்தான்.

பலகையைப் போட்டபிறகுதான் பெரியநாயகத்துக்கு விஷயம் உறைத்தது. தண்டவாளம் பீடத்துக்கு முன்னால் தெற்குக் கோடிவரை போய், வளைந்து, வடக்கே இருக்கும் குடிலுக்குத் திரும்பியது.

அந்தக் கோயிலில் வடக்குப் பக்கம் ஊர்க்காரர்கள், தெற்குப் பக்கம் காலனிக்காரர்கள். போர்டு எதுவும் கிடையாது. ஆனாலும் யாரும் மாறி உட்கார்ந்ததில்லை.

கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் பாலன் இயேசுவின் சுரூபத்தை ஃபாதர் குடிலில் வைப்பார். எல்லோரும் வரிசையில் வந்து அதன் பாதத்தில் உதடு வைத்து முத்தி செய்வார்கள். முதலில் வடக்கு வரிசை. அது முடிந்து தெற்கு வரிசை நகர்வதற்குள் ஃபாதருக்கு அடுத்த ஊர்ப் பூசைக்கு நேரமாகிவிடும். சுரூபத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். போன வருஷம், கிளாராவோடு கம்பெனியில் ஒரே லைனில் வேலை செய்யும் காலனிக்காரி கனகம், கைக்குழந்தையோடு கால் கடுக்க நின்றுவிட்டு, முத்தி செய்யாமலே வீட்டுக்குப் போனாள். இதற்குப் பெயர் வழக்கமாம்.

"அவுங்க பக்கம் இன்னாத்துக்கு ரயிலு?" என்றார் பெரியநாயகம்.

"அவுங்க புள்ளைங்களும் பாக்கட்டும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். எஞ்சினை அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டால் சுற்றுவட்டாரத்தில் மானம் போய்விடும்.

"சரி, ஓடட்டும். ஆனா குடில் வடக்கதான். அத மாத்தச் சொன்னா நடக்கிறதே வேற."

"குடில நான் தொடவே இல்லியே, மாமா."

கிறிஸ்துமஸ் பூசை முடிந்தது. ஃபாதர் சுரூபத்தை எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தினார். கிளாரா கன்ட்ரோல் பெட்டியின் குமிழைத் திருப்பினாள். ரயில் கிளம்பித் தெற்கே போனது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

தெற்கு வளைவில் ரயில் நின்றுவிட்டது.

"கரண்ட் போச்சா?" ஜெபகுமார் ஓடிவந்தார். குடிலின் சீரியல் பல்புகள் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன. "நேத்து நல்லாத்தானே ஓடுச்சி?"

கிளாரா குமிழை முழுசாகத் திருப்பிக் காட்டினாள். ரயில் அசையவில்லை.

"கையால தூக்கினு வந்து குடில்ல வைங்கப்பா," என்றார் பெரியநாயகம்.

ஃபாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதுக்கெல்லாம் நேரமில்ல. பாலன் நின்ன எடத்துலயே முத்தி பண்ணுங்க. கிட்ட இருக்கிறவங்க மொதல்ல வாங்க."

முதலில் போனது கனகம். குழந்தையின் உதட்டைச் சுரூபத்தின் பாதத்தில் வைத்து எடுத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

வடக்குப் பக்கம் தயங்கியது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து அதே வரிசையின் பின்னால் போய் நின்றார்கள். அன்று ஒரே வரிசைதான். பெரியநாயகமும் போனார். தலைவர் முத்தி செய்யாமல் போனால் நன்றாக இருக்காது.

அவர் முறை வந்தது. குனிந்து முத்தி செய்தார். நிமிரும்போதுதான் பார்த்தார். எஞ்சினுக்கு முன்னேயும் பின்னேயும் தண்டவாளத்தில் முடி அளவுக்கு வெட்டு. பளபளவென்று புது வெட்டு.

"இது இன்னா?" பக்கத்தில் நின்ற கிளாராவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"ரம்பத்துல அறுத்தேன். இந்தத் துண்டுக்குக் கரண்ட் வராது."

"நீயா?"

"நான்தான்." கிளாரா குரலைத் தாழ்த்தவில்லை. "செருகுற தண்டவாளத்துல நெனச்ச எடத்துல ரயில நிறுத்த முடியாது, மாமா. அதான் இத வாங்கினு வந்தேன்."