ஆறாவது குடுவை

பெங்களூரு பீன்யாவில் உள்ள வேதியியல் ஆய்வகத்தில் சங்கமித்ரா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே ஆறு குடுவைகள்.

“இன்னா மேடம், சர்க்கரை மாறலியா?” உதவியாளர் லூர்துமேரி அக்கா டீயை நீட்டினார்.

“ஆறுலயும் மாறிடுச்சுக்கா!”

“நல்ல விஷயந்தானே?”

“போச்சுக்கா, எல்லாம் போச்சு! உலோகமே இல்லாத என் பொடிதான் சர்க்கரையை வேற பொருளா மாத்துதுன்னு மூணு வருஷமா சொல்றேன். அதை நிரூபிக்கத்தான் ஆறாவதுல மட்டும் பொடி போடல. அதுவும் மாறிடுச்சுன்னா, என் பொடி எதுக்கு? ஆராய்ச்சியை நிறுத்திடலாம்னு நம்ம டைரக்டர் சாருக்கு மெயில் அடிச்சு வெச்சிட்டேன். இதோ, அனுப்பப் போறேன்.”

லூர்துமேரி அக்காவின் முகம் வெளிறியது.

“மேடம், அனுப்பாதீங்க! மருமக குழம்புல உப்பு போட மறந்தா, வூட்டுல யாருக்கும் தெரியாம நான் போட்டுடுவேன்...”

“அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?”

“நேத்து அஞ்சுல பொடி போட்டுட்டு, ஒண்ணை அப்படியே வுட்டுட்டுப் போனீங்களா? பாவம், அசதியில மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். அதே ஸ்பூனால நான்தான் போட்டேன். சார் கிட்ட சொல்லிடாதீங்க!”

திட்டு விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்ட லூர்துமேரி அக்காவை, சங்கமித்ரா கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். மெயில் அழிந்தது.

மறுநாள் புதிதாக ஆறு குடுவைகள் அடுக்கினாள். கடைசிக் குடுவையில் கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது:

“மறக்கலைக்கா. சத்தியமா வேணும்னுதான் போடல!”